போனே மெசேஜ் வாசிக்கும், கை ஃப்ரீ... மூளை ஃப்ரீயா?

கையெல்லாம் சப்பாத்தி மாவு. அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜரிடமிருந்து வாட்ஸ்அப் வரும். போனைத் தொடவே வேண்டாம். "ஹே கூகுள், ரீட் மை மெசேஜஸ்" என்று சொன்னால் வாசித்துக் காட்டும். பதிலையும் வாயாலேயே சொல்லி அனுப்பிவிடலாம். சமையலறையில் இதைவிட வசதி வேறில்லை. ஆனால், நம்மில் பலர் இந்த வசதியைத் தேடுவது வண்டி ஓட்டும்போதுதான். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது? ஆண்ட்ராய்டில் அசிஸ்டென்ட் உங்கள் வாட்ஸ்அப் சாட்டுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. திரையின் மேலே வந்து விழும் நோட்டிஃபிகேஷனை எடுத்து, அதிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். நோட்டிஃபிகேஷனை ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தால் "புது மெசேஜ் எதுவும் இல்லை" என்று கைவிரிப்பதும் அதனால்தான். ஐபோனில் 2019-ல் ஐஓஎஸ் 13.2 வந்ததிலிருந்து, ஏர்பாட்ஸ் காதில் இருந்தால் மெசேஜை சிரி தானாகவே வாசிக்கும். காரில் என்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இரண்டும் இதே வேலையைச் செய்கின்றன.

நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டிலிருந்து வரும் மெசேஜ் எப்படி இருக்கும்? "எப்போ வருவ, வரும்போது தக்காளி வாங்கிட்டு வா" என்பது ஆங்கில எழுத்தில் தட்டப்பட்டிருக்கும். அசிஸ்டென்ட்டின் ஆங்கிலக் குரல் அதை ஏதோ ஆங்கில வார்த்தை என்று நினைத்து உச்சரிக்கும். காதில் விழுவது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. "என்னடா சொல்லுது இது?" என்று கடைசியில் போனைக் கையில் எடுத்துவிடுவோம். எதைத் தவிர்க்க இந்த வசதியோ, அதையே செய்ய வைத்துவிடுகிறது. அனுப்புகிறவர் தமிழ் எழுத்தில் அனுப்பி, உங்கள் போனில் தமிழ்க் குரலும் இருந்தால் ஓரளவு தெளிவாகக் கேட்கும்.

சரி, தெளிவாகவே வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்து போய்விட்டதா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் தலைமையிலான குழு, ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக இதை ஆராய்ந்தது. ரேடியோ கேட்பது ஓட்டுநரின் மூளைக்குச் சின்னச் சுமைதான். குரல் வழியே மெசேஜைக் கேட்டு, குரலிலேயே பதில் சொல்வது போனில் பேசுவதைவிடவும் அதிகச் சுமை என்று 2013-ல் அந்தக் குழு சொன்னது. 2015-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் முக்கியம். குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும், கவனம் முழுசாகச் சாலைக்குத் திரும்பச் சில சமயம் 27 விநாடிகள் வரை ஆகிறதாம். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 27 விநாடிகளில் 450 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தூரமும் கண் சாலையில்தான் இருக்கும். மனசு மேனேஜரிடம் இருக்கும்.

சட்டம் இந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொலைத்தொடர்புக் கருவிகளைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2020-ல் வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் போனை அனுமதிக்கிறது. ஆக, 'ஃபைன் வராது' என்பதும் 'பாதுகாப்பு' என்பதும் வேறு வேறு. (ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு போவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ கணக்கில் சேராது, தலைவரே!)

என்னைக் கேட்டால், டூவீலரில் இது வேண்டவே வேண்டாம். நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் மாட்டினால் பின்னால் வரும் பஸ் ஹாரனும் சேர்ந்தே அமுங்கிவிடும். காரில் என்றால், எல்லாவற்றையும் வாசிக்க விடாமல் வடிகட்டுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் 'அனௌன்ஸ் நோட்டிஃபிகேஷன்ஸ்' இருக்கிறது. எந்த ஆப்பை வாசிக்கலாம் என்று அங்கே தேர்வு செய்யலாம். ஆண்ட்ராய்டில் அபார்ட்மென்ட் குரூப், ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் குரூப்பையெல்லாம் மியூட் செய்தாலே பாதி சத்தம் குறைந்துவிடும். ஐபோனின் 'டிரைவிங் ஃபோகஸ்' இன்னும் ஒரு படி மேலே. "வண்டி ஓட்டுகிறேன், போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன்" என்று அதுவே பதில் அனுப்பிவிடும். முக்கால்வாசி மெசேஜுக்கு அந்தப் பதிலே போதும்.

இன்னொரு விஷயம். மெசேஜை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி பிளே ஸ்டோரில் நிறைய ஆப்கள் கிடைக்கின்றன. அவை முதலில் கேட்பது 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' அனுமதி. அதைக் கொடுத்தால், அம்மாவின் மெசேஜைப் படிக்கிற அதே ஆப், பேங்க் அனுப்பும் ஓடிபியையும் படிக்க வழி இருக்கிறது. போனோடு வரும் அசிஸ்டென்ட்டே இருக்கும்போது முகம் தெரியாத ஆப்புக்கு இந்தச் சாவியைக் கொடுப்பானேன்? ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லையா? ஆண்ட்ராய்டு செட்டிங்ஸைத் திறந்து, தேடல் பெட்டியில் 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' என்று தட்டுங்கள். பட்டியல் வரும். தெரியாத பெயர் இருந்தால் அங்கேயே ஆஃப் செய்துவிடலாம்.