கீசர், வாஷிங் மெஷின் அடிக்கடி ரிப்பேர் ஆகுதா? மெஷினை மாத்துறதுக்கு முன்னாடி தண்ணியை செக் பண்ணுங்க!

குழாயில் வரும் தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். வாயில் வைத்தால் பெரிதாக உப்புக் கரிக்காது. ஆனால் பக்கெட்டில் வெள்ளை வளையம், ஷவர் துளைகளில் அடைப்பு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சோப்பு... இதெல்லாம் இருந்தால் உங்கள் வீட்டுக்கு வருவது கடின நீர்.

பக்கெட்டில் இருக்கும் கறை கண்ணுக்குத் தெரியும், தேய்த்துக் கழுவிவிடலாம். அதே கறை கீசருக்குள் படிந்தால்? செலவு மட்டுமல்ல, சில நேரம் உயிருக்கே ஆபத்து. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கடின நீர் என்றால் என்ன?

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கலக்கிறது. லேசான அமிலத்தன்மை பெறும் அந்தத் தண்ணீர், வழியில் உள்ள பாறை, சுண்ணாம்பிலிருந்து கால்சியம், மெக்னீசியத்தைக் கரைத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் அதிகமாக இருந்தால் அதுதான் கடின நீர். ஏரித் தண்ணீரைவிட போர் தண்ணீரில் கடினத்தன்மை பொதுவாக அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நம்ம ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'உப்புத் தண்ணி' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சமையல் உப்பு கலந்த தண்ணீர் வேறு, கடின நீர் வேறு. உப்பு அதிகமானால் இரும்பு துருப்பிடிக்கும். கடினத்தன்மை அதிகமானால் சுண்ணாம்பு படியும். சில வீடுகளில் இரண்டு பிரச்சனையும் சேர்ந்தே இருக்கும்.

எவ்வளவு இருந்தால் பிரச்சனை?

இந்தியக் குடிநீர் தரநிலையான ஐ.எஸ். 10500-ன்படி ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

ஆனால் இது குடிப்பதற்கான அளவு. அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் 180-ஐத் தாண்டினாலே அது 'மிகக் கடினமான' தண்ணீர். அதாவது, குடிக்கலாம் என்று சான்று பெற்ற தண்ணீர்கூட கீசருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கீசருக்குள் என்ன நடக்குது?

சர்க்கரை, உப்பு எல்லாம் சூடான தண்ணீரில் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு விஷயம் அப்படியே தலைகீழ். தண்ணீர் சூடாக ஆக, கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ, அங்கேதான் முதலில் ஒட்டும். கீசரில் அந்த இடம் ஹீட்டிங் காயில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடினத்தன்மை 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரை தினமும் 100 லிட்டர் சூடாக்கினால், ஒரு நாளைக்கு 30 கிராம், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 11 கிலோ சுண்ணாம்புச் சத்து அந்த கீசர் வழியாகப் போகிறது. பெரும்பகுதி தண்ணீரோடு வெளியேறிவிடும். ஆனால் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே ஒரு கிலோவுக்கு மேல்!

கரண்ட் பில் எகிறுமா?

இதில் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. எலெக்ட்ரிக் கீசரில் காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கி இருப்பதால், சூடு லேட்டானாலும் தண்ணீருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பில் பயப்படும் அளவுக்கு ஏறாது. சுடுதண்ணீருக்குக் காத்திருக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான்.

கேஸ் கீசரில் கதை வேறு. அங்கே தண்ணீருக்குப் போகாத சூடு புகையோடு வெளியே போய்விடும். அந்த கேஸ் வீண்தான்.

உண்மையான ஆபத்து எங்கே?

சுண்ணாம்பு மூடிய காயில், சூட்டை வெளியே விட முடியாமல் தானே அளவுக்கு மீறிச் சூடாகிறது. நாளடைவில் அதன் உலோக உறையில் விரிசல் விழலாம். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் மின்கசிவு ஏற்படும். எர்த்திங் சரியாக இல்லாத, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் குளிப்பவருக்கு ஷாக் அடிக்கும் அபாயம் உண்டு.

கீசர் போட்டவுடன் டிரிப் ஆகிறதா? குழாயைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? உடனே மெயினை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட வேண்டாம்.

கீசரின் பிரஷர் வால்வும் சுண்ணாம்பால் இறுகிப்போகலாம். உள்ளே அழுத்தம் கூடும்போது திறக்க வேண்டிய வால்வு அது. சர்வீஸுக்கு ஆள் வரும்போது காயிலோடு இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்ற பொருட்களுக்கு?

வாஷிங் மெஷினில் சோப்பின் ஒரு பகுதி கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காக மாறிவிடும். அதனால் பவுடர் அதிகம் செலவாகும், துணி மொறமொறவென்று ஆகும், வெள்ளைத் துணி மங்கும். ஹீட்டர் உள்ள ஃப்ரன்ட் லோடு மெஷினில் சுடுதண்ணீரில் துவைத்தால் படிவும் சேரும். ஸ்டீம் அயர்ன் பாக்ஸின் துளைகள் அடைபடும். ஆர்.ஓ. மெம்பிரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

டி.டி.எஸ். மீட்டர் போதுமா?

போதாது. டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. அதில் கால்சியம் எவ்வளவு, சமையல் உப்பு எவ்வளவு என்று அந்த மீட்டருக்குத் தெரியாது.

இதனால் இன்னொரு ஏமாற்றமும் நடக்கிறது. சாஃப்ட்னர் பொருத்திய பிறகு மீட்டரில் எண் குறையவில்லை என்று பலர் டென்ஷன் ஆகிறார்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. அதனால் டி.டி.எஸ். குறையாது. கடினத்தன்மை குறைந்ததா என்று அதற்கான டெஸ்ட் கிட்டில்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். ரிப்போர்ட்டில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள். ஒரே வீட்டுக்கு மெட்ரோ வாட்டர், போர், லாரி என்று மாறி மாறி வந்தால், எதை அதிகம் பயன்படுத்துகிறீர்களோ அதைச் சோதிப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

▪ கீசரை 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். சூடு கூடக் கூட படிவும் வேகமாகச் சேரும்.

▪ வருஷத்துக்கு ஒருமுறை கீசரைத் திறந்து காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் ஆனோடு ராடு கரைந்திருந்தால் மாற்றுங்கள். கீசருக்குள் நீங்களாக ஆசிட் ஊற்ற வேண்டாம்.

▪ கெட்டிலில் பாதி வினிகர், பாதி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் படிவு விட்டுவிடும். வினிகரையோ ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. விஷவாயு வரும்.

▪ வாஷிங் மெஷினுக்கு மேனுவலில் சொன்ன டீஸ்கேலிங் பவுடரையே பயன்படுத்துங்கள். சாதாரணத் துவையலுக்குப் பச்சைத் தண்ணீரே போதும்.

▪ ஆர்.ஓ. வெளியேற்றும் கழிவு நீரில் கடினத்தன்மை இன்னும் அதிகம். வீடு துடைக்கலாம், வாஷிங் மெஷினில் ஊற்றாதீர்கள்.

▪ சமையலறை ஆர்.ஓ. பாத்ரூம் கீசரைக் காப்பாற்றாது. ரிப்போர்ட்டில் எண் மிக அதிகமாக இருந்தால் மொத்த வீட்டுக்கும் சாஃப்ட்னர் பற்றி யோசிக்கலாம். அதற்கு உப்பு, பராமரிப்பு என்று தொடர் செலவு உண்டு.

இந்தத் தண்ணி குடிச்சா ஆபத்தா?

கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த உச்ச வரம்பு எதையும் உலக சுகாதார அமைப்பு நிர்ணயிக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்குத் தேவையான சத்துகள்தான். மெஷினுக்கு ஆகாத தண்ணி எல்லாம் மனுஷனுக்கும் ஆகாது என்று அர்த்தமில்லை. ஏற்கனவே சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.