விண்வழிச் செய்திப் போக்கும் அதன் கணக்கும்

பாதை அகலமாக இருந்தால் போக்குவரத்து விரையும் என்பது நம் எண்ணம். துணைக்கோள் வழியே செய்தி அனுப்புவதில் இவ்வெண்ணம் பல வேளைகளில் பொய்த்துவிடுகிறது. விநாடிக்கு 1 கோடி பிட்டு செல்லக்கூடிய பாதையைப் பணம் கொடுத்துப் பெற்றும், அதில் பத்தில் ஒரு பங்கே பயன்படுவதுண்டு. குற்றம் கருவியில் இல்லை, கோளிலும் இல்லை. காரணம் தூரம். அதனைக் காகிதத்தில் கணக்கிட்டே அறியலாம்.

நிலநடுக்கோட்டிற்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும் துணைக்கோள், பூமி தன்னைத் தானே சுற்றும் அதே காலத்தில் ஒருமுறை சுற்றி வருவதால், ஓரிடத்தில் நிற்பது போலத் தோன்றும். 1996ஆம் ஆண்டில் மலேசியாவுக்காக ஏவப்பெற்ற மீசாட்-1 இத்தகையதே. வானொலி அலை விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆயினும் அது மேலே ஏறிக் கோளைத் தொட்டு நிலத்திற்கு இறங்கக் கால் விநாடி ஆகின்றது. மறுமொழியும் அவ்வழியே வரவேண்டும். ஆகவே போய்வர அரை விநாடி.

இந்த அரை விநாடி எவ்வாறு வேகத்தைக் கெடுக்கிறது? ஒரு மொத்த வியாபாரியை எண்ணிக்கொள்ளுங்கள். ரசீது வந்து சேராத மூட்டைகள் நூறுக்கு மேல் வெளியே நிற்க அவர் இடங்கொடார். வாங்குபவர் அடுத்த தெருவில் இருந்தால் வியாபாரம் தடையின்றி நடக்கும். அவர் கடல் கடந்து இருந்தாலோ, கிடங்கில் சரக்கும் துறையில் கப்பலும் இருந்தும், ரசீதுக்காக இவர் கைகட்டி நிற்க நேரும். இணையத்தில் வழங்கும் டிசிபி என்னும் நெறியும் அவ்வியாபாரியைப் போன்றதே. 1981ஆம் ஆண்டு வகுப்பின்படி, ஒப்புதல் பெறாமல் வெளியே நிற்கக்கூடிய செய்தியின் உச்ச அளவு 65,535 பைட்டு. இவ்வரம்பைச் சாளரம் என்பர்.

சாளரத்தைப் போய்வரும் காலத்தால் வகுத்தால் உச்ச வேகம் கிடைக்கும். 65,535 பைட்டை அரை விநாடியால் வகுத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 1,31,000 பைட்டு. அஃதாவது 10 லட்சம் பிட்டுக்குச் சற்று மேல். 1 கோடி பிட்டுப் பாதையில் எஞ்சிய ஒன்பது பங்கும் வெறுமையே. பாதையை இரட்டிப்பாக்கினாலும் ஒரு தொடர்பின் வேகம் கூடாது. அப்பாதை நிரம்ப வேண்டுமானால் 6,25,000 பைட்டு வழியில் இருக்கவேண்டும். சாளரத்தை அவ்வாறு விரிக்க 1992இல் வெளிவந்த திருத்தம் வழிசெய்தது.

மற்றோர் இடையூறு மழை. நம் பகுதியில் பெய்யும் பெருமழை, உயர்ந்த அலைவரிசைகளை நலியச் செய்து செய்திப் பொதிகளைச் சிதைக்கும். பொதி தொலைந்தால், டிசிபியின் பழைய முறை அதனை வழியில் ஏற்பட்ட நெரிசல் என்று தவறாகக் கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாத்திசும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, இம்முறையில் வேகம் போய்வரும் காலத்திற்கும், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்திற்கும் எதிர்விகிதத்தில் அமையும். இழப்பு நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். இழந்த வேகத்தை மீட்பதும் ஒப்புதல் வர வரப் படிப்படியாகவே நடப்பதால், நெடுந்தூரப் பாதையில் மீட்சியும் தாமதிக்கும்.

இவ்வாறு ஒன்றின் நடப்பை முன்கூட்டியே கணக்கில் அமைத்துக் காண்பதைக் கணித மாதிரி என்பர். ஏவிய கோளைக் கீழே இறக்கிப் பழுது பார்ப்பது எளிதன்று. ஆதலின் கணக்கு முன்னும் கோள் பின்னும் வருதல் வேண்டும். இக்காலத்தில் 550 கிலோமீட்டர் உயரமளவில் தாழச் செல்லும் கோள்கள் தூரத்தை வெகுவாகக் குறைத்துள்ளன. ஆனால் அவை விரைந்து மறைவன. ஒன்று மறையுமுன் மற்றொன்றைப் பற்றவேண்டும். அதற்குரிய கணக்கு வேறு.

சாலை எட்டாத உட்பகுதிப் பள்ளிக்கும் நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கும் பெரும்பாலும் விண்வழியே வழி. அவர்களது பணம் பாதையை அகலமாக்கச் செலவாக வேண்டுமா, நெறியைத் திருத்தச் செலவாக வேண்டுமா என்பதைச் சொல்லவல்லது இந்தச் சிறு வகுத்தல் கணக்கேயாகும்.