நொடித்த நிறுவனத்தை நடத்துபவர்

கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நொடித்துப்போன நிறுவனத்தை மூடுவதா, வேறொருவரிடம் ஒப்படைப்பதா என்பது முடிவாகும் வரை அதைப் பொறுப்பேற்று நடத்துபவர் திவால் தீர்வு வல்லுநர் எனப்படுகிறார். இந்தியாவில் இத்தொழிலுக்கு வடிவம் தந்தது 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் ஆகும். அதற்கு முன்னிருந்த 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நலிந்த நிறுவனத்தின் பழைய நிர்வாகமே பதவியில் நீடித்துக்கொண்டு, கடன் வசூலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட முடிந்தது.

இப்போது தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றவுடன் இயக்குநர் குழுவின் அதிகாரம் வல்லுநரின் கைக்கு மாறுகிறது. வழக்குகளும் ஜப்தி நடவடிக்கைகளும் 'தடைக்காலம்' என்னும் ஏற்பாட்டால் நிறுத்திவைக்கப்படுகின்றன. கடன் கொடுத்தோரின் பாக்கிக் கோரிக்கைகளைப் பொது அறிவிப்பின் மூலம் கேட்டுப் பெற்றுச் சரிபார்க்கும் வல்லுநர், வங்கிகள் முதலிய நிதிக் கடன் கொடுத்தோரைக் கொண்டு ஒரு குழுவை அமைக்கிறார். முன்னைய நிர்வாகம் தன்னைச் சார்ந்தோருக்குச் சலுகையாகச் சொத்தை மாற்றியிருந்தால், இரண்டாண்டுகள் பின்னோக்கிச் சென்று அதைத் தோண்டியெடுப்பதும் அவர் கடமையே. ஆயினும் இவற்றைவிடக் கடினமானது, மூலப்பொருளும் மின்சாரமும் ஊதியமும் தடைப்படாமல் ஆலையை ஓடவைப்பதுதான். நின்றுபோன ஆலையை வாங்க வருவோர் இரும்புக்கடை விலைக்குமேல் பேசுவதில்லை. இவ்வளவு அதிகாரம் இருந்தும், வாங்குவோர் அளிக்கும் தீர்வுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. குழுவின் 66 விழுக்காட்டு வாக்கும் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுமே அதை முடிவுசெய்கின்றன.

குஜராத்தின் ஹசீராவில் உருக்காலை நடத்திய எஸ்ஸார் ஸ்டீல் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். நிதிக் கடன் கொடுத்தோருக்கு ஏறத்தாழ 49,000 கோடி ரூபாய் பாக்கி வைத்திருந்த அந்நிறுவனம் 2017 ஆகஸ்டில் இந்நடைமுறைக்குள் வந்தது. வாராக்கடன் வைத்திருப்போரும் அவர்களோடு தொடர்புடையோரும் ஏலம் கேட்கச் சட்டம் தடை விதித்திருந்ததால், ஆர்சலர் மிட்டல் நிறுவனம் தன்னோடு தொடர்புடைய வேறு நிறுவனங்களின் 7,000 கோடிக்கும் மேற்பட்ட பாக்கியைத் தீர்த்த பிறகே போட்டியில் நிற்க முடிந்தது. பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்று, குழுவின் வணிக முடிவே செல்லும் என 2019 நவம்பரில் தீர்ப்பாகி, ஏறத்தாழ 42,000 கோடிக்கு அடுத்த மாதம் ஆலை கைமாறியது. அத்தனை காலமும் உலைகள் எரிந்துகொண்டிருந்தன என்பதே வல்லுநரின் வெற்றி; காலக்கெடுவைப் பொறுத்தவரை அந்த வழக்கு தோல்விதான். நடைமுறை முழுவதும் 330 நாள்களுக்குள் முடிய வேண்டும் என்று அதே ஆண்டில் கொண்டுவரப்பட்ட வரம்பையும், விதிவிலக்கான சூழலில் மீறலாம் என்று அத்தீர்ப்பே தளர்த்திவிட்டது.