படிக்காமல் கையெழுத்திடும் ஆவணம்: அதை எழுதுபவர் யார்?

மாட்டுப்பட்டி போன்ற தேயிலைத் தோட்டப் பகுதிகளில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வு பெறுவோருக்கு, வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றன. அத்தொகையில் ஒரு பகுதியைச் சிலர் பரஸ்பர நிதியில் முதலீடு செய்கின்றனர். திட்ட ஆவணங்களைக் கவனமாகப் படிக்குமாறு விளம்பரங்கள் அறிவுறுத்துகின்றன; நம்மில் பலர் படிப்பதில்லை. அவ்வாவணங்களின் சட்ட வாசகத்துக்குப் பொறுப்பானவர், நிதி நிறுவனத்தின் சட்ட அலுவலர். அவரது பணியை அறிந்தால் நமது உரிமையும் விளங்கும்.

அவர் யார்?

பரஸ்பர நிதி ஓர் அறக்கட்டளையாக அமைக்கப்படுகிறது. முதலீட்டாளர்களின் நலனைக் காப்பது அறங்காவலர்களின் கடமை. பணத்தை அன்றாடம் நிர்வகிப்பது சொத்து மேலாண்மை நிறுவனம். அந்நிறுவனத்தில் சம்பளம் பெற்றுப் பணியாற்றுபவரே சட்ட அலுவலர். முழுநேரச் சம்பளப் பணியில் சேரும் வழக்கறிஞர் தமது தொழிலை நிறுத்திவைக்க வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி. எனவே, நீதிமன்றத்தில் வாதாடுவது அவரது வேலையன்று. வழக்கு வந்தால் வெளி வழக்கறிஞருக்கு விவரங்களைத் தொகுத்து அளிப்பார்.

திட்ட ஆவணம் செபியின் விதிமுறைகளுக்கு உட்பட்டுள்ளதா என ஆராய்வது, விளம்பர வாசகங்களைச் சரிபார்ப்பது, ஒப்பந்தங்களைப் பரிசீலிப்பது ஆகியவை அவரது பணிகள். கடன் திட்டம் ஒன்று ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரத்தை வாங்கும்போது, அதற்கு ஈடு என்ன, தவணை தவறினால் எவ்வாறு வசூலிப்பது என்பனவற்றையும் அவர் பார்க்க வேண்டும். அவருடைய கட்சிக்காரர் நிறுவனமே. நாம் அல்லர் என்பதை மறக்கலாகாது.

ஒரு வழக்கு தரும் பாடம்

2020 ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் பரஸ்பர நிதி தனது 6 கடன் திட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கொரோனா காலத்தில் பணம் திரும்பக் கேட்போர் பெருகினர். கடன் பத்திரங்களை நல்ல விலைக்கு விற்க இயலவில்லை. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது.

சென்னை உள்ளிட்ட நகரங்களில் தொடரப்பட்ட வழக்குகள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. சிக்கல் ஒரே விதிமுறைத் தொகுப்பின் இரண்டு பிரிவுகளில் இருந்தது. தேவை எனக் கருதினால் அறங்காவலர்கள் திட்டத்தை முடிக்கலாம் என்றது ஒன்று. அவ்வாறு முடிவெடுக்கும்போது முதலீட்டாளர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது மற்றொன்று. ஒப்புதல் கட்டாயம் என உயர் நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. டிசம்பரில் மின்னணு வாக்கெடுப்பு நடந்து, திட்டங்களை முடிக்கப் பெரும்பான்மையோர் ஒப்புதல் அளித்தனர். பின்னர் எஸ்பிஐ நிதி மேலாண்மை நிறுவனத்தின் வழியாகப் பணம் தவணைகளாக வழங்கப்பட்டது. 2021 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றமும், வாக்களிப்போரில் பெரும்பான்மையினரின் ஒப்புதல் தேவை என உறுதிசெய்தது.

சட்ட வாசகத்தின் ஒரு வரி, முதலீட்டாளர்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்து தந்தது.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், வங்கிக் கிளையில் வாங்கினாலும் பரஸ்பர நிதி வங்கி வைப்புத்தொகை ஆகாது. வைப்புத்தொகைக்குரிய 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு அதற்கு இல்லை. இரண்டாவதாக, திட்ட ஆவணத்தில் இடர் அளவு, வெளியேறும் கட்டணம், பணம் திரும்பப் பெறுவதற்கான கட்டுப்பாடுகள் ஆகிய மூன்றையேனும் படிக்க வேண்டும். புரியாதவற்றைத் தயங்காமல் கேட்க வேண்டும். மூன்றாவதாக, கைபேசி எண்ணையும் முகவரியையும் புதுப்பித்து வைத்தால்தான் வாக்கெடுப்பு அறிவிப்புகள் நம்மை வந்தடையும். குறையிருப்பின் முதலில் நிதி நிறுவனத்திடமும், தீராவிடில் செபியின் ஸ்கோர்ஸ் தளத்திலும் முறையிடலாம்.

நிறுவனத்தின் நலனைப் பார்க்க அதற்கென ஒரு சட்ட அலுவலர் இருக்கிறார். கையெழுத்திடும் முன் நமது நலனை நாமே படித்தறிவது நன்று.