அஷ்டமிக்கு யாரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை

ஆட்டமும் கூட்டமும் – 9

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து 2014 அக்டோபரில் கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் தொடங்கியபோது 65 ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். அந்த முதல் சீசனின் சராசரியே ஆட்டத்துக்கு 25 ஆயிரத்தை ஒட்டி நின்றது. பார்வையாளர் எண்ணிக்கையில் உலக லீக்குகளில் நாலாவது இடம் என்று அமைப்பாளர்கள் மார்தட்டிக்கொண்டார்கள். 2018-19 சீசனில் அந்தச் சராசரி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

ஆட்டம் சரியில்லை, அதனால் ஆள் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கணக்கு இடிக்கிறது. கூட்டம் அலைமோதிய முதல் சீசன்களில் ஆடியவர்களில் பல பெரிய பெயர்கள் ஓய்வு வயதில் இருந்தவர்கள். சென்னையின் எஃப்.சி.க்கு மார்க்கோ மெட்டராஸி, டெல்லிக்கு டெல் பியரோ, மும்பைக்கு அனெல்கா. டிவியில் பார்த்த முகத்தை நேரில் பார்க்க ஜனம் போனது. இந்திய இளைஞர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்து ஆட்டம் வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான். ஆட்டம் ஏறுமுகம், கூட்டம் இறங்குமுகம்.

சென்னை அணி 2015-லும் 2018-லும் கோப்பை வென்றது. 2018-ல் கோப்பையைத் தூக்கிய அதே அணி அடுத்த சீசனில் கடைசி இடம். ரசிகன் கோபித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வருடம் ஜெயித்த அணிகளின் மைதானத்திலும் இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன. வேறு ஏதோ கழன்றிருந்தது.

முதல் மூன்று சீசன்களும் பத்துப் பதினோரு வாரத்தில் முடிந்துவிட்டன. தீபாவளிக்கு முன்பே தொடங்கிக் கிறிஸ்துமஸுக்குள் முடிகிற திருவிழா. 2017-ல் பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும் சேர்ந்து பத்து அணிகள் ஆயின, சீசன் நாலு மாதமாக நீண்டது. அடுத்த சீசனில் ஆசியக் கோப்பைக்காக நடுவில் ஒரு மாதத்துக்கும் மேல் இடைவெளி விட்டார்கள். இந்த வாரம் வியாழன், அடுத்தது ஞாயிறு, அதற்கடுத்து பதினைந்து நாள் கழித்து ஒரு புதன். ஆட்டம் எந்தக் கிழமை என்பதை டிவிக்காரர்கள்தான் முடிவு செய்தார்கள்.

தர்மபுரிப் பக்கம் இருக்கும் எங்கள் அதியமான்கோட்டையிலிருந்து பெங்களூர் சுமார் 140 கிலோமீட்டர். சென்னை அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் இந்தப் பக்கத்துப் பையன்கள் சிலர் உடுத்துவது பெங்களூர் நீலம். ராத்திரி ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டத்தைக் கன்டீரவா மைதானத்தில் பார்க்க மதியமே கிளம்ப வேண்டும். ஆட்டம் முடிய ஒன்பதரை. சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, சேலம் வண்டியில் தொற்றி, ஓசூர் நெரிசலைத் தாண்டி, தர்மபுரியில் இறங்கும்போது நடுநிசி கடந்திருக்கும். தொலைதூர வண்டிகள் நம் ஊரில் நிற்பதில்லை. ஆட்டோவும் இருக்காது. அண்ணனோ மாமனோ பைக் எடுத்து வந்தால் உண்டு. மறுநாள் திங்கள் என்றால் வேலைக்கு மட்டம். கிழமையும் மாறிக்கொண்டே இருந்தால் எத்தனை தடவை போவான்?

இதே ஊரில் காலபைரவர் கோயில் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமி வந்தால் சாலையோரம் கர்நாடக வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். சாம்பல் பூசணியை இரண்டாக அறுத்து, உள்ளே வழித்தெடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றியபடி ஜனம் நெருக்கியடிக்கும். அஷ்டமிக்கு யாரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை. நாள் தெரியும், நாள் மாறாது. லீவு சொல்வதும் வண்டி பேசுவதும் அதைவைத்துத்தான்.

கால்பந்து ரசிகனும் கேட்பது அந்த நிச்சயத்தைத்தான். ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் சனிக்கிழமை மதியம் மூன்றரை மணி என்பது தலைமுறைகளாகப் பழகிய நேரம். திங்கட்கிழமையும் சில ஆட்டங்களை வைத்தபோது, 2018 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வாரி வீசி எதிர்த்தார்கள். 2021-22 சீசனிலிருந்து திங்கள் ஆட்டம் எடுபட்டுப் போனது. நம் ரசிகன் பந்து வீசவில்லை. சத்தமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டான்.

நாளுக்கு அடுத்தது முகம். வியாசர்பாடி தெருக்களில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ் சென்னை அணிக்கு ஆடியபோது அந்தப் பேட்டையே வந்து கத்தியது. ஆனால் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் பேர் வாங்கியது ஒடிசாவிலும் கொல்கத்தாவிலும். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் அவருடையது. காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி நாராயணன் பெங்களூர் அணியில் வளர்ந்தார். சொந்தப் பிள்ளை வெளியூரில் ஆடினால், உள்ளூர்க்காரன் யாரைப் பார்க்கப் போவான்? போனாலும் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஓடுதளத்துக்கு அப்பாலிருந்துதான் பார்க்க வேண்டும். கார்னர் கிக் அடிப்பவரின் முதுகு எண்கூடச் சரியாகத் தெரியாது.

பழக்கம் முழுதாக அறுந்தது கொரோனாவில். 2020-லிருந்து இரண்டு சீசன்களை ஏறக்குறைய முழுதும் கோவாவில் பூட்டிய அரங்குகளுக்குள் நடத்தினார்கள். ஆளில்லாமல் நடத்தியதைப் போனில் பார்த்துப் பழகியவனைத் திரும்ப இழுப்பது லேசில்லை. கொஞ்சம் மீளும் நேரத்தில், 2025 ஜூலையில் உரிமை ஒப்பந்தச் சிக்கலில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. கிழமை மாறுவது போய், அட்டவணையே இல்லை என்றானது.

அழைத்தால் வருவார்களா? வருவார்கள். 2018 ஜூன் 1-ம் தேதி மும்பையில் இந்தியா சீன தைபேயை 5-0 என்று வென்றதைப் பார்த்தவர்கள் 2,569 பேர். மறுநாள் கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் கைகூப்பாத குறையாக, எங்களைத் திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கேட்டார். ஜூன் 4-ல் கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் முழுதும் விற்றுப்போனது. ஆனால் வாராவாரம் கேப்டன் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் தொடங்கிய லீக்கில் சராசரி எங்கே இருந்தது என்பதை முதல் பத்தியில் பார்த்தோம்.

புதிதாக நட்சத்திரங்களை இறக்குவதற்கு முன்னால் செய்யக்கூடிய, காசு அதிகம் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. சொந்த ஊர் ஆட்டம் எல்லாவற்றையும் ஒரே கிழமை, சாயங்கால வெயில் தாழும் நேரத்தில் வைத்து, சீசன் தொடங்குமுன் அறிவித்து, அதை மாற்றாமல் இருப்பது. டிவிக்காரர்கள் முனகுவார்கள். ஆனால் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடக்கும் ஆட்டம் டிவியிலும் எடுபடுவதில்லை.

அடுத்த வாரம்: ரசிகர்களே அரங்கைக் காலிசெய்யக் கிளம்பிய கொச்சி.

(தொடரும்)