கன்னியர் மடத்துக்கு ஒரு விண்ணப்பம்

விண்ணப்பம் என்னும் சொல்லை இக்காலத்தார் பெரும்பாலும் ‘இரந்து கேட்டல்’ என்ற பொருளிலேயே வழங்குகின்றனர். ஆயின், தேர்தற் காலத்தில் நாம் கேள்வியுறும் ‘விஞ்ஞாபனம்’ என்னும் வடசொல்லோடு உறவுடைய இச்சொல்லுக்கு ‘அறிவித்தல்’ என்பதே அடிப்படைப் பொருள். இராமலிங்க அடிகள் தம் குறைகளை இறைவன்முன் ஒளியாது எடுத்துரைத்த நூலுக்கு விண்ணப்பக் கலிவெண்பா எனப் பெயர் அமைந்தமையும் இது பற்றியே போலும். ஆகவே, விண்ணப்பஞ் செய்வார் முதற்கண் செய்யவேண்டுவது உள்ளதை உள்ளவாறு அறிவித்தலாம். தம் மகளைக் கத்தோலிக்கத் தனியார் பாடசாலையிற் சேர்க்க விழையும் சைவப் பெற்றோர் இப்பொருளை மனங்கொள்ளல் நன்று.

சைவ வீட்டுப் பெண் கன்னியர் மடத்தை நாடுவானேன் எனச் சிலர் வினவுவர். இவ்விருப்பம் நேற்றுத் தோன்றியதன்று. 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். 1862இல் திருக்குடும்பக் கன்னியர் பிரான்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்தனர். 1869இல் நல்லாயன் கன்னியர் கொழும்புக் கொட்டாஞ்சேனையிற் பணி தொடங்கினர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்மக்கள் பொருட்டு மருதனார்மடத்திற் கல்லூரி கண்டது 1913இலேயாம். அதற்கு முன்னரே சைவ மகளிர் பலர் மிஷன் பாடசாலைகளிற் கல்வி பெற்றிருந்தனர்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுள் மிகப் பல அரசாங்கத்தின் வசமாயின. கத்தோலிக்கப் பாடசாலைகள் சில தனியார் பாடசாலைகளாகவே நிலைத்தன. இத்தகைய பாடசாலைகள் அனுமதிக்கெனத் தமக்குரிய விண்ணப்பப் பத்திரமும் நேர்முக விசாரணையும் உடையன. தம் சமயப் பிள்ளைகளுக்கு அவை முதலிடம் அளித்தலும், ஞானஸ்நானச் சான்றிதழையும் பங்குக் குருவின் கடிதத்தையும் கேட்டலும் இயல்பே. அதனைக் குறைகூறுதற்கில்லை. இடர்ப்பாடு நேர்வது, பத்திரத்திற் ‘சமயம்’ என்றிருக்கும் சிறிய கட்டத்திலேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் அயலவர் ஒருவர் அத்தகைய பத்திரமொன்றை என்னிடங் கொணர்ந்தார்.

“ஐயா, சமயம் என்ற இடத்தை வெறுமையாக விட்டாற் குற்றமோ? பொய் எழுதவில்லைத்தானே! கேட்டால், கோயிற் பூசைக்கு இடைக்கிடை போய்வருகிறோம் என்று சொல்லலாம் என்று கூட்டாளி ஒருவர் சொல்கிறார்.”

“தம்பி, பிள்ளையைக் கூப்பிட்டு, ‘வீட்டில் என்ன செபஞ் சொல்வீர்கள்?’ என்று சிஸ்டர் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்?”

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். “பின்னேரம் விளக்கு வைத்ததும் தேவாரம் பாடுகிறவள் ஐயா. அதைத்தான் பாடிக் காட்டுவாள்.”

“அப்படியென்றால், அதைப் பாடாதே என்பதையோ அவளுக்கு முதற்பாடமாகச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்?”

பின்னர் இருவருமாக இருந்து கடிதத்தை எழுதினோம். ‘நாங்கள் சைவர். எம் மகள் தமிழ் மொழிமூலம் கற்கவேண்டும் என்பது எமது விருப்பம். தங்கள் பாடசாலையில் ஒழுக்கமும் ஆங்கிலமும் நன்கு பயிற்றப்படுதலை எம் அயலிலுள்ள மாணவியரிடம் கண்டுள்ளோம். கத்தோலிக்க வழிபாட்டு வேளையில் அவள் மரியாதையுடன் இருப்பாள். அவள் சைவநெறி கற்பதற்கு அங்கே வழியுண்டோ என அறிய விரும்புகின்றோம்.’ எழுதியது இவ்வளவே.

இறுதியிற் கேட்ட வினா வெறும் உபசாரமன்று. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் சமயம் கட்டாய பாடம். சைவநெறியும் கத்தோலிக்க சமயமும் வெவ்வேறு பாடங்கள். பதினொராந் தரத்தில் எழப்போகும் வினாவை முதலாந் தரத்தின் வாயிலிலேயே கேட்டுத் தெளிதல் பெற்றோர் கடன்.

அவ்வாண்டு அப்பிள்ளைக்கு அங்கே இடங் கிடைத்திலது. தந்தையார் வருந்தினார், அவ்வருத்தம் எனக்கும் உண்டு. அப்பிள்ளை ஊர்ப் பாடசாலைக்குச் சென்றாள். விளக்கு வைத்ததும் பாடும் தேவாரம் ஒருநாளும் நின்றதில்லை.

சமயத்தை வெளிப்படக் கூறுதல் பகைமையாகாதோ எனச் சிலர் அஞ்சுவர். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் தனிநாயகம் அடிகளும் கத்தோலிக்கக் குருமார். தம் சமயத்தை மறையாது நின்றே தமிழுக்குத் தொண்டாற்றினர். அவர்தம் தமிழைப் போற்றும் சைவரும் தம் திருநீற்றை அழித்துவிட்டுப் போற்றினாரல்லர். தன் சமயத்தில் உறுதியுடையாரைத் துறவு பூண்ட கன்னியர் மதியாதிருப்பரோ?

பெற்றோர்க்கு இன்னுமொன்று கூறுவேன். சனவரி 31ஆந் திகதியில் ஐந்து வயது நிறைவெய்தும் பிள்ளைக்கு அரசாங்கப் பாடசாலையிலும் முதலாந் தரத்துக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் பாடசாலையின் மறுமொழியை எதிர்நோக்கி அத்தவணையைத் தவறவிடற்க. பாடசாலைத் தலைவியர்க்கும் ஒரு விண்ணப்பம்: இடமில்லையாயின் அதனைக் காலந் தாழ்த்தாது அறிவித்தருளுக. அறிவித்தல் இரு திறத்தார்க்கும் உரிய கடமையன்றோ?