மோட்டார் வண்டியின் மூச்சு

மோட்டார் வண்டிக்கு உணவு பெட்ரோல் என்பதை யாவரும் அறிவோம். அதற்கு மூச்சும் வேண்டும் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று தேவைப்படுகிறது. அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. எனவே மிகுந்த வேகமும் ஆற்றலும் வேண்டுவோர் காற்று புகும் வழியைப் பெரிதாக்க விழைவதில் வியப்பில்லை.

டில்லியில் கரோல்பாக், காஷ்மீரி கேட் ஆகிய இடங்களின் கடைத்தெருக்களில் இவ்விழைவுக்கு விடையாகப் பல பொருள்கள் விற்பனையாகின்றன. கூம்பு வடிவான வடிகட்டிகள், பளபளக்கும் அலுமினியக் குழாய்கள், எண்ணெய் பூசிய பருத்தித் துணி வடிகட்டிகள் எனப் பலவகை. இவற்றைப் பொருத்தினால் வண்டியின் குதிரைத்திறன் உயரும் என்பர். வண்டியைச் செய்த தொழிற்சாலை அமைத்துக் கொடுத்த காற்றுவழியைவிட இவை மேம்பட்டவைதாமா? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வண்டி வாங்கிய குடும்பத்திற்கும், பந்தய வேகத்தில் நாட்டங்கொண்ட இளைஞருக்கும் இவ்வினா பொதுவானதே. இதனை ஒருவாறு ஆராய்வோம்.

முதலில், கிடைக்கக்கூடிய ஆதாயத்தின் எல்லை யாது எனக் காண்போம். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். எஞ்சின் முழுவேகத்தில் காற்றை உறிஞ்சும்போது வடிகட்டியும் குழாயும் சேர்ந்து அவ்வழுத்தத்தில் 3 கிலோபாஸ்கலைக் குறைப்பதாகக் கொள்வோம். அத்தடை முழுவதையும் நீக்கிவிட்டாலும் கூடுதலாகப் புகும் காற்று நூற்றுக்கு மூன்றளவே. 100 குதிரைத்திறன் உடைய வண்டிக்கு 3 கிட்டலாம். அதற்குமேல் கிட்ட வழியில்லை. அந்த மூன்றும் ஆக்சிலரேட்டரை இறுதிவரை அழுத்தும்போது மட்டுமே கிட்டும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது திராட்டில் வால்வு பாதிக்குமேல் மூடியே இருக்கிறது. அப்போது காற்றைத் தடுப்பது அவ்வால்வேயன்றி வடிகட்டி அன்று.

அடுத்து, வெப்பம். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குறையும். 30 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்கு ஏறிய காற்று தன் அடர்த்தியில் நூற்றுக்கு 9 பங்கை இழக்கிறது. இங்கேதான் திறந்த கூம்பு வடிகட்டியின் குறை வெளிப்படுகிறது. தொழிற்சாலை அமைப்பில் வண்டியின் முகப்பிலிருந்து வெளிக்காற்று ஒரு மூடிய பெட்டிக்குள் வருகிறது. பெட்டியை அகற்றிவிட்டுக் கூம்பை எஞ்சினுக்கு அருகே திறந்தபடி பொருத்தினால், அது கதிரடுப்பைப் போன்ற எஞ்சின் அறையின் வெப்பக் காற்றையே உறிஞ்சும். மூன்று பங்கை ஈட்டுவதற்காக ஒன்பது பங்கை இழப்பது வாணிபமாகுமா?

டில்லியின் பருவநிலை இவ்வுண்மையை நன்கு விளக்கும். ஜூன் மாத நண்பகலில் வெப்பம் 45 பாகையைத் தொடுகிறது. ஜனவரி விடியலில் 5 பாகைக்கு இறங்குகிறது. இவ்விரண்டு பொழுதுகளுக்கும் இடையே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 12 பங்குக்கு மேல் வேறுபடும். எந்தக் குழாயும் தராத ஆதாயத்தைத் தை மாதத்து விடியல் செலவின்றித் தருகிறது.

மூன்றாவது, தூசு. நம் தலைநகர வாசிகளுக்கு இதுவே தலையாயது. மே, ஜூன் மாதங்களில் 'ஆந்தி' எனப்படும் புழுதிக்காற்று இராஜஸ்தானத்துப் பாலையிலிருந்து எழுந்து வருகிறது. குளிர்காலத்திலோ புகைமூட்டம் கவிகிறது. காற்றில் மிதக்கும் பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் ஒரு கனமீட்டருக்கு நாளொன்றின் சராசரியில் 100 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்திய நியதி. டில்லியில் பல நாள்களில் இவ்வளவு பன்மடங்காகிறது. அளவு 300 என்றும், வண்டி நிமிடத்திற்கு ஒரு கனமீட்டர் காற்றை இழுக்கிறது என்றும், ஆண்டில் 500 மணி நேரம் ஓடுகிறது என்றும் கொண்டால், வடிகட்டியை வந்து சேரும் தூசு 9 கிராம் ஆகும்.

ஒன்பது கிராம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அத்தூசில் குவார்ட்ஸ் என்னும் கடினமான மணற்பொடி கலந்துள்ளது. அது எஞ்சினுக்குள் புகுந்தால் எண்ணெயுடன் கூடி உப்புத்தாள் போலச் சிலிண்டரின் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்க்கும். நூற்றில் 99 பங்கு தூசைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றும், 97 பங்கைத் தடுக்கும் வடிகட்டி மற்றொன்றும் இருப்பதாகக் கொள்வோம். வேற்றுமை இரண்டே என எண்ணத் தோன்றும். உண்மையில் முன்னது உள்ளே விடுவது ஒரு பங்கு. பின்னது விடுவது மூன்று பங்கு. தேய்மானம் மும்மடங்காகிறது என்க. காற்று எளிதில் புகும் வழியில் தூசும் எளிதில் புகும் என்பதை மறத்தலாகாது. வடிகட்டிகளைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் சர்வதேச முறை உண்டு. அம்முறையில் கண்ட அளவை விற்பவரிடம் கேட்பது வாங்குவோரின் உரிமை.

எண்ணெய் பூசிய துணி வடிகட்டிக்கு மற்றோர் இடரும் உண்டு. கழுவி எண்ணெய் இடுகையில் அளவு மிகுந்தால், அது காற்றோட்டத்தை அளக்கும் மெல்லிய சூட்டுக் கம்பியின்மீது படியக்கூடும். கம்பி தவறாக அளந்தால் பெட்ரோலின் அளவும் தவறிப்போகும்.

மழைக்காலத்தை நினைவிற் கொள்வதும் தகும். குளிர்ந்த காற்றைத் தேடிக் குழாயின் வாயைச் சக்கரத்தருகே தாழ்த்தி வைக்கும் அமைப்புகள் உள. ஒரு பெருமழையில் மின்டோ பாலத்தின் அடியில் நீர் தேங்கும் காட்சி டில்லிவாசிகளுக்குப் புதிதன்று. அந்நீரைக் குழாய் உறிஞ்சினால், காற்றைப் போல் நீர் அமுங்காதாகையால் பிஸ்டன் முட்டி நிற்கும்; கனெக்டிங் ராடு வளையும். பிறகு எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான்.

ஆயின், கடையில் வாங்கும் அமைப்புகள் யாவும் வீண் என்று கூறுதல் நடுநிலை ஆகாது. டர்போ பூட்டிய வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டில் 245 குதிரைத்திறனுடன் இந்தியாவுக்கு 200 மட்டும் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இவ்வகையைச் சேர்ந்தது. இத்தகைய வண்டியில் எவ்வளவு காற்றை அழுத்தித் தரவேண்டும் என்பதை ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வரையறுக்கிறது. அக்கருவியின் கணக்கு மாறாதவரை, குழாயைப் பெரிதாக்கினாலும் டர்போவின் உழைப்புச் சிறிது குறையுமேயன்றி ஆற்றல் பெரிதும் ஏறாது. கணக்கையே மாற்றி ஆற்றலை வெகுவாக உயர்த்தும்போதுதான் தொழிற்சாலைக் குழாய் போதாமற்போகிறது. அந்நிலையில் நன்கு மூடிய, வெளிக்காற்றை வாங்குகிற பெரிய அமைப்பு பயன் தரும்.

பந்தயக் களத்தின் நியாயமும் வேறு. முன்னாளில் சென்னையை அடுத்த சோழவரம் விமானத் தளத்தில் ஓடிய கார்களுக்கும், 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவின் புத்தர் பந்தயத் தடத்தில் பார்முலா ஒன்று பந்தயம் ஓடிய கார்களுக்கும் ஒரு நொடியின் சிறு பகுதியும் பொன்னாகும். அங்கே எஞ்சினை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பர். நம் வண்டியோ பத்தாண்டு உழைக்க வேண்டியது.

இவ்வமைப்புகளைப் பொருத்தியவுடன் வண்டி பாய்கிறது எனப் பலர் உரைப்பதன் காரணம் யாது? பெரும்பாலும் ஓசையே. தொழிற்சாலைப் பெட்டியில் ஓசையை அடக்கும் அறைகள் உண்டு; அவை நீங்கினால் எஞ்சின் உறுமும். செவி கேட்டதை மனம் வேகம் என்று கொள்கிறது. ஆற்றல் அளக்கும் டைனோ கருவியிலும் ஏமாற்றம் நேரலாம். பானெட்டைத் திறந்துவைத்து மின்விசிறியால் குளிர்காற்று வீசினால் திறந்த வடிகட்டிக்கு இல்லாத சிறப்பு வந்துசேரும். பானெட்டை மூடி, ஒரே நாளில், இரு அமைப்புகளையும் பலமுறை மாற்றி மாற்றி அளந்த கணக்கே நம்பத்தக்கது.

சட்டமும் இதில் தொடர்புடையது. வண்டியின் பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தொழிற்சாலை வரையறுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே பெட்டியில் அதே அளவான வடிகட்டியை இடுவது வேறு. ஓசையும் புகையும் மாறும்படி அமைப்பையே மாற்றுவது வேறு. உத்தரவாதமும் பறிபோகலாம் என்பதால் முன்கூட்டிக் கேட்டறிதல் நலம்.

முடிவாகச் சொல்லத்தக்கது இதுவே. மாற்றம் செய்யாத வண்டிக்குத் தொழிற்சாலை அமைப்பே ஏற்றது. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் நடத்திய சோதனையில், அடைபட்ட வடிகட்டியை மாற்றியதால் புதுவகை வண்டிகளின் பெட்ரோல் செலவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் வேகமெடுக்கும் திறன் மேம்பட்டது. ஆகவே குழாய்க்குச் செலவிடும் முன் நம் வண்டியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்போம். கையேட்டில் குறித்த காலவரை சாதாரண சாலைகளுக்கானது. டில்லியின் புழுதியில் அதற்கு முன்னரே மாற்றுவது தகும். சில நூறு ரூபாய்க் காகித வடிகட்டி இழந்த வேகத்தை மீட்டுத் தருவதோடு எஞ்சினின் ஆயுளையும் காக்கும்.